வாசலுக்கு ஒரு பல்பு

ஈப்போவில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மோட்டார் பட்டறைக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடந்த லாரியின் மரக்கூண்டுதான் எங்கள் வீடு. தவுக்கே "எடுத்துட்டுப் போ" என்று சொல்லி வாய் மூடவில்லை, என் வீட்டுக்காரர் அதை வண்டி அச்சில் ஏற்றிவிட்டார். தகரக் கூரை போட்டு, ஜன்னல் வெட்டி, இரண்டு மாடுகளையும் பூட்டினார். தோட்டம் தோட்டமாகப் போய் தையல் மிஷினும் சைக்கிளும் கிராமபோனும் பழுது பார்க்கப் போகிறோமாம். போகிற இடத்துக்கு வீடும் கூட வருமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அண்ணன் பிச்சைமுத்துவுக்கு வரவில்லை. கல்யாணத்தின்போதே, "வீடு வாசல் இல்லாதவனுக்கா என் தங்கச்சி? பேரும் சன்னாசி!" என்று முறுக்கிக்கொண்டவர் அவர். இரண்டு வருஷமாக என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்து ஆலையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் வேலை அவருக்கு. அந்தத் தோட்டத்துக்குத்தான் நாங்கள் முதலில் போவதாக இருந்தது. செய்தி கேட்டு, ஈப்போவுக்கு ரப்பர் ஏற்றி வரும் லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினார்: "ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன். வீடா இருந்தா உள்ள வந்து சாப்பிடுவேன். வெறும் வண்டியா இருந்தா வாசலோட திரும்பிடுவேன்."

அன்றே முடிவு செய்தேன். அண்ணன் வந்து நிற்கும் வாசலில் மின்சார விளக்கு எரிய வேண்டும். துரை பங்களாவில் எரிகிற மாதிரி.

என் வீட்டுக்காரருக்கு மின்சாரம் என்றால் பைத்தியம். உடைந்த காரிலிருந்து ஒரு பாட்டரி, ஒரு டைனமோ, நாலு சின்ன பல்பு கழற்றி வைத்திருந்தார். ஒரு பழைய சைக்கிளைக் கட்டையில் நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து டைனமோவுக்கு வார் மாட்டினார். பகலில் மிதித்தால் பாட்டரியில் ஏறும், ராத்திரி எரியும். சாக்பீஸால் பலகைச் சுவரில் கணக்குப் போட்டார்.

"வேல மேசைக்கு ஒண்ணு, அடுப்புக்கு ஒண்ணு, படுக்கைக்கு ஒண்ணு. மூணும் மூணு மணி நேரம் எரியணும்னா நான் ரெண்டு மணி நேரம் மிதிக்கணும்."

"வாசலுக்கு?"

"வாசல்ல யாரு புள்ள படிக்கப் போறா? அதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் மிதிக்கணும். என் முழங்கால் என்னத்துக்கு ஆவும்?"

"நான் மிதிக்கிறேன்."

"சேலையோடயா?" என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் நாலாவது பல்பு வாசல் நிலைக்கு மேலே தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆற்றோரம் வீட்டை நிறுத்தினோம். அந்த வாரம் முழுக்க மிதித்ததில் பாட்டரி நிறைந்திருந்தது. கொஞ்சம் மழைத்தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் மூடிகளைக் கழற்றி வைத்தார். மாடுகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் ஆற்றுக்குப் போனோம். திரும்பியபோது அண்ணன் வாசலுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டரி மூடிகள் எல்லாம் ஒழுங்காகத் திருகியிருந்தன. நானும் என் வீட்டுக்காரரும், கிளம்பும்போது மற்றவர் மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

"வா அண்ணே" என்றேன்.

"பொழுது சாயட்டும். பாத்துட்டு வாரேன்" என்று அண்ணன் ஆற்றைப் பார்த்தார். வேட்டி ஓரத்தில் நாலைந்து பொட்டு ஓட்டை. அதை முந்தானையால் மறைப்பது மாதிரி கையால் மறைத்துக்கொண்டார்.

கோழிக்கறி கொதித்தது. இருட்டத் தொடங்கியது. "போடுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் சுவிட்சைத் திருகினார். நாலு பல்பும் ஒரு நொடி சிவந்து, அணைந்தன. மறுபடி திருகினார். ஒன்றுமில்லை.

எனக்கு அழுகை முட்டியது. இரண்டு வருஷம் காத்திருந்து, அண்ணன் வாசல் வரைக்கும் வந்து, கடைசியில் இப்படியா?

என் வீட்டுக்காரர் பாட்டரி மூடியைத் திறந்து மோந்தார். மறுபடி மோந்தார்.

"ரப்பர் பால் கொட்டாய் வாசனை அடிக்குதே!"

முக்காலியில் அண்ணன் அசைந்தார். "மாப்ள... லாரிக்காரன் சொன்னான், பாட்டரிக்கு ஆசிட்டு வேணும்னு. தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோட எப்படி வாரது? ஆலையில பால் உறைய ஊத்துவோம்ல, அந்த ஆசிட்டு ஒரு போத்தல் கொண்டாந்தேன். திறந்து கெடந்துச்சு. பழைய அழுக்குத் தண்ணியக் கொட்டிட்டு, புதுசா ஊத்திட்டேன். கொட்டுறப்ப வேட்டியிலயும் தெறிச்சு ஓட்டை விழுந்துருச்சு."

"யார் உன்னை ஊத்தச் சொன்னது?" என்று வெடித்தேன். "ரெண்டு வருஷமா எட்டிப் பாக்கல. வந்த அன்னிக்கு வீட்ட இருட்டாக்கிட்டியே!"

சொல்லி முடித்த பிறகுதான் அது உறைத்தது. சீர் கொண்டு வந்திருக்கிறார். தங்கச்சி வீடு என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "பரவால்ல மச்சான். நீங்க கொட்டுனதுதான் பாட்டரி ஆசிட்டு, ஊத்துனது ரப்பர் ஆசிட்டு. காலையில பாட்டரிய ரப்பர் ஷீட்டா உருட்டி புகைக்கூண்டுல காயப் போட்டுருவோம்!"

அண்ணனும் சிரித்துவிட்டார். பிறகு வாசலோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தார். "இத மிதிச்சா எரியாதா?"

"எரியும். பாட்டரியக் கழட்டிட்டு நேரா மாட்டிரலாம். ஆனா ஒரே சீரா மிதிக்கணும். மெதுவாப் போனா அணைஞ்சிரும், வேகமாப் போனா பல்பு போயிரும்."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நாலு பல்பும் மஞ்சளாக மலர்ந்தன. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அண்ணன் மிதித்தார், மிதித்தார், வியர்வை சொட்ட மிதித்தார். கறி ஆறிக்கொண்டிருந்தது. இறங்கினால் இருட்டு, இறங்காவிட்டால் சாப்பாடு இல்லை. வாசல் விளக்கின் கீழே இருந்தும் அவர் இன்னும் என் வீட்டுக்குள் வரவில்லை.

"இறங்கு அண்ணே."

"இருட்டாயிரும் ஆயி."

"ஆகாது."

சேலையைக் கொசுவி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். ஒரு நொடி இருண்டது. மிதித்தேன். வெளிச்சம் வந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, நிலையில் தலை இடித்துக்கொண்டு, உள்ளே போனார்.

ஜன்னல் வழியே தெரிந்தது. என் வீட்டுக்காரர் இலை போட்டார். அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவரில் இருந்த சாக்பீஸ் கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண் மறைத்தது, கால் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றியது.

"மெதுவா புள்ள, பல்பு போயிரும்!" என்று உள்ளேயிருந்து கத்தினார் என் வீட்டுக்காரர்.

"போனாப் போவுது" என்றேன். "அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் கறி போடுங்க."