வந்து சேர்ந்தது

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தபால் பை வந்தது. டோரீன் ஹேட்ச் அதை மேசைமேல் கவிழ்த்து, மூன்று குவியலாகப் பிரித்து, ஊதா மையில் தோய்த்து முத்திரை குத்த ஆரம்பித்தாள். 'வந்து சேர்ந்தது, மார்ச் 19, நகர மேலாளர் அலுவலகம்.' ஒவ்வொரு முத்திரைக்கும் பக்கத்தில் சின்னதாக அவள் கையெழுத்து. இருபத்து மூன்று வருஷம் பத்து மாதமாக இதைச் செய்கிறாள். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசியபடியே குத்துவாள். ஒன்றுகூடக் கோணலாக விழாது.

"உங்க தெருவுல பள்ளம் விழுந்தது எங்களுக்குத் தெரியுங்க. போன வாரமே சொன்னீங்களே... ஆமா, காரோட அச்சு முறிஞ்சதையும் சொன்னீங்க. வியாழக்கிழமை ஆளுங்க வருவாங்க. வரலைன்னா என்னைக் கூப்பிடுங்க, மேயரைக் கூப்பிடாதீங்க. பாவம், அவருக்கு மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் பிடின்னே தெரியாது."

அது ஒன்றும் பொய்யில்லை. கான்சஸ் மாநிலத்தின் அந்தச் சின்ன நகரத்தில் மேயருக்குச் சுத்தியல் தட்டுவதும் ரிப்பன் வெட்டுவதும்தான் வேலை. தண்ணீர், சாக்கடை, தீயணைப்பு, தெருநாய் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பவர் நகர மன்றம் சம்பளத்துக்கு அமர்த்தும் மேலாளர். மன்றத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் அவரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். டோரீன் இதுவரை ஆறு மேலாளர்களைப் பார்த்துவிட்டாள். நாற்காலியில் ஆள் மாறுவார்கள், அறைக்கு வெளியே இருக்கும் இந்த மேசையில் அவள் மட்டும் மாறமாட்டாள்.

அதனாலேயே ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. மேலாளர் பெயர் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை என்பதால், அவருக்குப் போகவேண்டிய கடிதங்களையும் ஊரார் 'டோரீன் ஹேட்ச், நகர மேலாளர் அலுவலகம்' என்றே எழுதினார்கள். அவற்றில் 'ரகசியம்' என்று அச்சடித்த உறைகளை அவள் பிரிப்பதேயில்லை. முத்திரை குத்து, பிரிக்காதே, என் தட்டில் வை என்று முதல் மேலாளர் முதல் நாளே சொன்னது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் அவர் விதி அப்படியே இருக்கிறது.

டெல்பர்ட் காபிக் கோப்பையோடு வந்து மேசைமேல் சாய்ந்தான். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவன். முப்பது வருஷமாக நாய்க்கடி வாங்கியே கணுக்கால் மரத்துப்போனவன்.

"என்ன ராணியம்மா, மூலையில பெரிய பெட்டியா இருக்கு? கேக்கா?"

"ஒனக்கென்ன அது?"

"எனக்கில்லாம யாருக்கு? சும்மா தொறந்து மோந்துட்டு மூடிடறேன்."

"கையை வச்சே, மீட்டர் கம்பியாலேயே போடுவேன். நாலு மணிக்கு மன்றக் கூட்டத்துக்கு வா. சுத்தமான சட்டை போட்டுக்கிட்டு வா."

"நான் எதுக்கும்மா அங்க? போன தடவை வந்து தூங்கிக் குறட்டை விட்டேன், டிவியில வேற காட்டிட்டாங்க."

டோரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கேக்கை வாங்கி வைத்தது அவள்தான்; அது அவனுக்குத்தான் என்று முடிவே கட்டியிருந்தாள். பத்து நாள் முன்னால் உதவி மேலாளர் கெல்சி வந்து, ஓய்வு பெறப்போகும் ஓர் ஊழியருக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதித் தரச் சொன்னாள். கெல்சிக்கு முப்பது வயசு இருக்கும், நடக்கும்போதும் கைபேசியில் தட்டிக்கொண்டே இருப்பாள். "பேரையும் வருஷத்தையும் மட்டும் காலியா விடுங்க டோரீன். நான் போட்டுக்கறேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றாள். முப்பது வருஷம் ஆனவன் டெல்பர்ட். அலுவலகத்தில் ஒரு ரகசியம் இருந்தால் மூக்கை நுழைப்பவனும் அவன்தான். வேறு யாராக இருக்கும்?

ஊரில் யாருக்குப் பாராட்டுப் பத்திரம் என்றாலும் டோரீன்தான் எழுதுவாள். இதை மட்டும் இரண்டு இரவு வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதினாள். கர்ட்டுக்குப் படித்துக் காட்டினாள். அவள் கணவன் கர்ட் இருபது வருஷம் தானியக் கிடங்கில் தூசியைத் தின்றவன். இப்போது நுரையீரல் இறுகி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சோபாவில் கிடக்கிறான். "நல்லாருக்குடி. நான் செத்தா எனக்கும் இதையே படி" என்றான். "வாயைக் கழுவு" என்றாள் அவள்.

அவன் விழுங்கும் மாத்திரையின் ஒரு மாத விலை அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். நகராட்சியின் மருத்துவக் காப்பீடு இருப்பதால்தான் அவன் மூச்சு விடுகிறான். இருபத்தைந்து வருஷம் முடித்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் குடும்பத்தோடு காப்பீடு தொடரும். ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது. அடுத்த வருஷம் மே இரண்டாம் தேதியை அவள் சமையலறை நாட்காட்டியில் சிவப்பாக வட்டம் போட்டு வைத்திருந்தாள். இன்னும் பதினான்கு மாதம்.

நாலு மணிக்கு மன்ற அறை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வெளியே காற்று கொடிக்கம்பத்தைப் போட்டு உலுக்கியது. கொடி வணக்கம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். டோரீன் வழக்கம்போலச் சுவரோரம் ஊழியர் வரிசையில் இருந்தாள். மடியில் அன்றைய கூட்டத்தின் ஆவணக் கட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பக்க எண்ணெல்லாம் அவள் போட்டதுதான். பின்வரிசையில் டெல்பர்ட் சுத்தமான சட்டையில் நெளிந்துகொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை எடுத்தார். மூலையில் தங்க வில்லை மின்னியது. பெயர் போடாத தாளில் அதைக் காலையில் ஒட்டியதும் அவள்தான்.

"மழையென்றும் பனியென்றும் பாராமல், இந்த நகரத்தின் ஒவ்வொரு வாசலையும் தன் வீட்டு வாசலாக நினைத்து உழைத்தவர்..."

எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று டோரீனுக்கே பெருமையாக இருந்தது.

"...ஆகவே, திருமதி டோரீன் ஹேட்ச் அவர்களின் இருபத்து மூன்று ஆண்டுத் தொண்டைப் போற்றி, அவர் தம் ஓய்வுக்காலத்தைத் தூண்டிலும் கையுமாக ஏரிக்கரையில் இன்பமாகக் கழிக்க இந்த மன்றம் வாழ்த்துகிறது."

அறையே எழுந்து நின்று கை தட்டியது. டோரீனுக்குத் தன் பெயர் கேட்டது, ஆனால் மண்டைக்குள் போகவில்லை. தூண்டில் வரி டெல்பர்ட்டை நினைத்து எழுதியது; அவள் வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டதில்லை. யாரோ முழங்கையைப் பிடித்து எழுப்பினார்கள். கால்கள் தாமாக நடந்தன. கையில் சட்டம் போட்ட பத்திரத்தைத் திணித்தார்கள். படம் எடுத்தார்கள். ஏதோ தப்பு நடந்துவிட்டது, பாவம் கெல்சி பெயரை மாற்றிப் போட்டுவிட்டாள், இதை எப்படிச் சத்தமில்லாமல் சரிக்கட்டுவது என்றுதான் அப்போதுகூட அவள் யோசித்தாள்.

மேலாளர் மிட்செல் பிராண்ட் குனிந்து அவள் காதோரம் சொன்னார். "நீங்க ரொம்பப் பெரிய மனுஷி டோரீன். ரெண்டு வாரமா ஒரு முணுமுணுப்பு இல்ல, ஒரு முகச்சுளிப்பு இல்ல. வேற யாரா இருந்தாலும் இடிஞ்சு போயிருப்பாங்க."

"எதுக்கு?" என்றாள் டோரீன்.

மேலாளரின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

"அடுத்து, ஒட்டுமொத்த ஒப்புதல் பட்டியல்," என்றார் மேயர். விவாதம் தேவையில்லாத சில்லறை விஷயங்களை ஒரே கட்டாக வைத்து ஒரே வாக்கில் முடிப்பது வழக்கம். தெருவிளக்கு, குப்பை லாரி டயர், நூலகக் கூரை. "ஆறு-ஏ முதல் ஆறு-கே வரை. தனியாப் பேச யாராவது எதையாவது எடுக்கணுமா?"

ஆறு-கே. 'பணியிட அட்டவணையில் திருத்தம்.' அவள் எண் போட்ட பக்கம், நூற்றுத் தொண்ணூற்று எட்டு. டோரீன் அங்கேயே, மேடையடியில் நின்றபடியே, பத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கட்டைப் புரட்டினாள். நாற்பது வரி அட்டவணை. 'பணியிட எண் 0114: தற்போது 1, இனி 0.' தன்னுடைய எண் என்ன என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரிந்ததில்லை. அவளை யாரும் எண் சொல்லிக் கூப்பிட்டதில்லையே. பக்கத்துக் கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 'மேலாளரின் செயலர். தொலைபேசிச் சேவை வெளி நிறுவனத்துக்கு மாற்றம்.'

அவள் கையைத் தூக்கப் போனாள். அக்குளிலிருந்து பத்திரம் நழுவ, குனிந்து பிடித்தாள்.

"யாருமில்ல. முன்மொழிவு வந்தாச்சு. ஆதரவும் வந்தாச்சு. சரின்னு சொல்றவங்க?"

"சரி" என்றன ஐந்து குரல்கள். சுத்தியல் விழுந்தது. குப்பை லாரி டயரோடு அவளும் போனாள்.

"பத்து நிமிஷம் இடைவேளை," என்றார் மேயர் மகிழ்ச்சியாக. "வெளிய டோரீனுக்காகக் கேக் இருக்கு."

அவள் கேக்கின் பக்கம் போகவில்லை. நேராகத் தாழ்வாரத்தில் நடந்து தன் மேசைக்கு வந்தாள். பின்னாலேயே மேலாளரும் கெல்சியும் ஓடிவந்தார்கள். கெல்சி முதல் தடவையாகக் கைபேசியைப் பையில் போட்டிருந்தாள்.

"கடிதம் வந்துதே டோரீன்! பணியாளர் பிரிவுலேருந்து உங்க பேருக்கு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே அனுப்பிட்டோம்."

"எனக்கு எந்தக் கடிதமும் வரல."

"வெள்ளை உறை. ரகசியம்னு போட்டிருக்கும்."

டோரீன் சட்டென்று திரும்பினாள். மேலாளர் அறைக்குள் போனாள். ரகசியத் தட்டில் ஐந்தாறு உறைகளுக்கு அடியில் அது கிடந்தது. டோரீன் ஹேட்ச், நகர மேலாளர் அலுவலகம். ரகசியம்.

"அது எனக்கு அனுப்பின நகல்னு நெனச்சேன்," என்றார் மேலாளர். "கையெழுத்துப் போட்டவனே நான்தானே, தெரிஞ்ச விஷயம்தானேன்னு பிரிக்கல."

"நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மிட்ச்? அஞ்சு அடி தூரத்துல உக்காந்திருக்கேன். தினம் காலையில குட்மார்னிங் சொல்றீங்க."

"கெல்சி பேசியிருப்பான்னு..."

"நீங்க பேசியிருப்பீங்கன்னுதான் நான்..." என்றாள் கெல்சி.

டோரீன் உறையைக் கிழித்தாள். இரண்டு பத்தி. முதல் பத்தியில் வருத்தம். இரண்டாம் பத்தியில், அவள் விரும்பினால் தண்ணீர் வரி அலுவலகத்தில் காலியாக உள்ள குமாஸ்தா வேலைக்கு மாறிக்கொள்ளலாம், பணிக்காலமும் காப்பீடும் விட்டுப்போகாது, கடிதம் வந்து சேர்ந்த நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் எழுதிக் கேட்கவேண்டும் என்று இருந்தது.

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை. மறு கையும் முடிந்த இடம் மார்ச் பதினெட்டு, திங்கட்கிழமை. நேற்று.

"இப்ப எழுதித் தரேன்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இந்த நிமிஷமே தரேன். குமாஸ்தா வேலை என்ன, தரை தொடைக்கக்கூடப் போறேன். பதினாலு மாசம்தான் மிட்ச். கர்ட்டை உங்களுக்குத் தெரியும். போன கோடையில எங்க வீட்ல வந்து சோளம் சுட்டுச் சாப்பிட்டீங்க. அவனுக்கு மாத்திரை நின்னா..."

மேலாளர் கெல்சியைப் பார்த்தார். கெல்சி தரையைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலையில அந்த வேலைக்கு வேற ஒருத்தருக்கு ஆர்டர் போயிடுச்சு," என்றாள் கெல்சி. "நீங்க வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சுட்டாங்க."

"நான் பாக்கவே இல்லன்னு நீங்க சொல்லுங்க. இவரு தட்டுலதான் கெடந்துது, இதோ, இப்பத்தான் உங்க கண்ணு முன்னாடி கிழிச்சேன்!"

"சொல்லலாம் டோரீன். நான் வக்கீல்கிட்டப் பேசறேன், சத்தியமாப் பேசறேன்." மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவரை மன்றம் நாளைக்கே துரத்தினாலும் ஒன்பது மாதச் சம்பளமும் காப்பீடும் உண்டு. அந்த ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவள் டோரீன். "ஆனா அவரு கேக்கப்போற மொதக் கேள்வி ஒண்ணுதான். கடிதம் என்னிக்குக் கைக்கு வந்துது? அதுக்கு நான் என்ன சொல்றது?"

அவர் உறையைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டியிருக்கவில்லை.

வாசலில் டெல்பர்ட் வந்து நின்றான். உள்ளே நடப்பது எதுவும் தெரியாமல், சுத்தமான சட்டையில், கையில் காகிதத் தட்டோடு.

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க ராணியம்மா. ரிட்டையர் ஆகறதை எங்கிட்டக்கூடச் சொல்லலியே நீ? அதுவும் எனக்குப் பிடிச்ச தேங்காய் கேக்கா வாங்கி வச்சுட்டு, உனக்குத்தான் தேங்காயே ஆகாதே! சரி, கத்தியை எங்க வச்சிருக்கே?"

"மூணாவது டிராயர்," என்றாள் டோரீன். கேட்டால் பதில் சொல்லிவிடும் பழக்கம்.

அவன் டிராயரைத் திறந்து துழாவினான். டோரீன் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊதா மை நன்றாகக் காய்ந்திருந்தது. 'வந்து சேர்ந்தது, மார்ச் 4, நகர மேலாளர் அலுவலகம்.' பக்கத்தில் அவள் கையெழுத்து. முத்திரை நேராக விழுந்திருந்தது, ஒரு நூல்கூடக் கோணல் இல்லை.