கொட்டகை டப்பா

பெரியவர் குடும்பத்து மூட்டுவலித் தைலத்தை எப்படிக் காய்ச்சுவது என்பது வெளியாருக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அதைச் சமையலறையில் வைக்காமல், கொட்டகையில், வண்டி அச்சுக்குப் போடும் மை டப்பாக்களுக்கு நடுவே, அதே மாதிரி ஒரு டப்பாவில் அடைத்து வைத்திருந்தார்கள். திருட வருகிறவன் குழம்பிப்போக வேண்டும் என்று அவருடைய அப்பா செய்துவைத்த ஏற்பாடு அது. திருடன் யாரும் வரவில்லை.

சம்பந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, பெரியவர் தாமே கொட்டகைக்குப் போய் ஒரு டப்பாவை எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து மகன் வந்து நின்றான். வைக்கோல் வெட்டும் இயந்திரத்துக்கு மை போட்டதிலிருந்து கொட்டகையெல்லாம் பூண்டு வாடை, மாடு வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றான்.

பெரியவர் போய்ப் பார்த்தார். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. குடும்பத் தைலத்தின் பூண்டு வாடையோடு ஒரு டப்பா அதனடியில் காலியாகக் கிடந்தது. அப்படியானால் சம்பந்தியின் முழங்காலுக்குப் போனது வண்டி மை.

“போய் உண்மையைச் சொல்லிடுங்க,” என்றாள் மனைவி.

“மூணு தலைமுறையா எடுத்த பேரு. ஊரே சிரிக்கட்டும்ங்கிறியா?”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். பொண்ணை அந்த வீட்டுல குடுத்திருக்கோம்.”

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிரே சம்பந்தி கைத்தடி இல்லாமல் விறுவிறுவென்று நடந்து வந்துகொண்டிருந்தார்.

“உங்க தைலம் தைலம்தான், சம்பந்தி. விரிப்புல பட்ட கறைதான் போகமாட்டேங்குது. இன்னொரு டப்பா குடுங்க.”

பெரியவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குப் போய், இன்னொரு டப்பாவை எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

பெரியவருக்கும் முழங்கால் வலி உண்டு. பல வருஷமாகக் குடும்பத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். அன்று கதவைச் சாத்திக்கொண்டு வண்டி மையைக் கொஞ்சம் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். சில நாளில் வலி போன இடம் தெரியவில்லை.

ஆனாலும் இன்றுவரை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். குடும்பத் தைலத்துக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. அவருடைய விரிப்பைத் துவைக்கும் மனைவி எதுவும் கேட்பதில்லை.