இரண்டாவது ரோப்

சாகப்போகிறவர்களை எனக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். ஞானதிருஷ்டி எல்லாம் கிடையாது, பிழைப்பு அப்படி. பதினோரு வருஷமாக டி.வி. தொடர்களுக்குக் கன்டினியூட்டி எழுதுகிறேன். ஒரு ஷாட்டில் பை இடது தோளில் தொங்கினால் அடுத்த ஷாட்டிலும் இடது தோளில்தான் தொங்கவேண்டும். அதைப் பார்த்து நோட்டில் குறித்துவைப்பது என் வேலை. அதனால் எல்லா எபிசோடும் எனக்கு அத்துப்படி. சாகப்போகிற ஆள் அன்றைக்கென்று பார்த்து வாய் வலிக்கச் சிரிப்பான். நாளைக்கு அங்கே போகப்போகிறேன், இதை வாங்கப்போகிறேன் என்பான். கையில் இருக்கிற எதையாவது கழற்றி யாரிடமாவது கொடுத்து, "வெச்சுக்கோ" என்பான்.

அன்றைக்குக் காலை மேக்கப் அறையில் என் தங்கச்சி இந்த மூன்றையும் கால் மணி நேரத்துக்குள் செய்து முடித்தாள்.

அவள் டூப். வயது இருபத்தாறு ஆனாலும் ஆள் ஒரு பிடிதான் இருப்பாள். எங்கள் தொடரில் பள்ளிக்கூடப் பெண்கள் எங்கிருந்து விழுந்தாலும் உண்மையில் விழுவது இவள்தான். யூனிட்டில் எல்லோரும் 'குருவி' என்பார்கள்.

"மோதிரத்தை என்கிட்ட ஏன்டி குடுக்கிறே?"

"ரோப்ல மாட்டிக்கும் அக்கா. நாளைக்குக் குடு. நாளைக்கு நாம சினிமாவுக்குப் போறோம், ஞாபகம் இருக்கில்ல?" என்று சொல்லி ஒரு சிரிப்பு வேறு.

"நாளைக்கு நாளைக்குன்னு பேசாதே."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டியா? அங்க வந்து ஏதாவது உளறினே, உன்கூடப் பேசவே மாட்டேன். இந்த ஷாட் நல்லா வந்தா அடுத்த அஞ்சு எபிசோடும் எனக்குத்தான்."

எபிசோடின் கதை இதுதான். பதினாறு வயது நாயகி யார் கையைத் தொட்டாலும் அவர்கள் எப்படிச் சாவார்கள் என்று பார்த்துவிடுவாள். நெருங்கிய தோழியின் கையைத் தொடுகிறாள். தோழி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து விழுவது தெரிகிறது. இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் ஒரே சட்டதிட்டம்தான். பார்த்ததை நாயகி தோழியிடம் சொல்லமாட்டாள். சொல்லிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் கதையை மூட்டைகட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். தடுக்கிறேன் பேர்வழி என்று ஓடுவாள். அவள் ஓடுகிற ஓட்டமே தோழியை அந்த மாடியில் கொண்டுபோய் நிறுத்தும். கடைசியில், முதலில் பார்த்த அதே விழுகை இம்மி பிசகாமல் வரும். ஆனால் கேமரா இப்போது கீழே இருக்கும். நாயகியின் கை நீண்டு பிடிப்பது அப்போதுதான் நமக்குத் தெரியும்.

அதனால் ஒரே விழுகையை இரண்டு தடவை எடுக்கவேண்டும். முதல் தடவை மூன்று வாரத்துக்கு முன்னால், பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தில் எடுத்தார்கள். சிமென்ட் தூசி அடங்கத் தெளித்த தண்ணீர் விளிம்பில் தேங்கிக் கிடந்தது. கேமராவில் நெஞ்சுக்கு மேலேதான் தெரியும், அதனால் காலை யாரும் கவனிக்கவில்லை. 'ஆக்‌ஷன்' சத்தம் கேட்டு அவள் திரும்புவதற்குள் இடது குதிகால் வழுக்கி, உடம்பு திருகிக்கொண்டு போனது. பத்திரத்துக்குப் போடுகிற இரண்டாவது ரோப்பை, சட்டைக்குள் துருத்துகிறது என்று, அன்றைய ஸ்டன்ட் மாஸ்டர் கழற்றியிருந்தார். இருந்த ஒற்றை ரோப் பிந்தித்தான் பிடித்தது. கீழே போட்டிருந்த காற்று மெத்தையில் முதுகு இடித்து, அப்படியே மேலே எகிறினாள். எழுந்தவள் சிரித்தாள். டைரக்டர் கை தட்டினார்.

"அந்தப் பயத்தைப் பாருங்கய்யா! என்னமா நடிக்கிறா!"

நான் நோட்டில் எழுதினேன்: ரோப் ஒன்று, தரை ஈரம், இடது குதிகால் வழுக்கல்.

இப்போது இரண்டாவது தடவை. கேமராவைக் கீழே வைப்பதற்காக மெத்தையை இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டார்கள். அடியில் வெறும் தரை. பழைய மாஸ்டர் வேறு படத்துக்குப் போய்விட்டார். புது மாஸ்டர் நல்ல மனுஷன், ஆனால் டைரக்டரைக் கண்டால் நடுங்குகிற ஆள்.

"அன்னிக்கி எப்படியோ அதே மாதிரி வேணும். கன்டினியூட்டி, நோட்டைப் படிம்மா" என்றார் டைரக்டர்.

நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்து, என் மை. மேலே விளிம்பில் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள்.

"ரோப் ரெண்டு. தரை காய்ஞ்சிருந்துச்சு" என்றேன்.

பதினோரு வருஷத்தில் அந்த நோட்டிலிருந்து நான் படித்த முதல் பொய். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். "அப்படியாம்மா குருவி? ரெண்டா?"

அவள் என்னை முறைத்தாள். போட்டுக்கொடுக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஆமா மாஸ்டர். ரெண்டுதான்."

தரையைத் துடைத்தார்கள். ரோப்பைச் சரிபார்க்கிற சாக்கில் மேலே போய் அவள் கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது. இத்தனை நாள் என் பயத்தைக் கிண்டலடித்துச் சிரித்தவளின் கை அது.

கீழே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. தடுக்கப்போகிறவள்தானே சாவைக் கொண்டுவருகிறவள்? இரண்டு ரோப்பும் ஒன்றோடொன்று சிக்கினால்? நான் பொய் சொல்லியிருக்காவிட்டால் சிக்க இரண்டாவது ரோப்பே இருக்காதே? கத்தி நிறுத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். டைரக்டர் 'ஆக்‌ஷன்' என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். கன்டினியூட்டி செய்யவே கூடாத காரியம் அது. 'கட்' என்று கேட்டுத் திறந்தபோது அவள் ஆள் உயரத்தில், ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஷாட்டுக்கு நேராக என் நோட்டில் ஒன்றுமே இல்லை.

ஒன்பது நாள் கழித்து எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு விழுகையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஒன்றில் உடம்பு திருகிக்கொண்டு, கண் பிதுங்கி விழுகிறாள். மற்றதில் படி இறங்குகிற மாதிரி நேராக இறங்குகிறாள்.

"பழைய மாஸ்டருக்குப் போன் பண்ணினேன். ஒரு ரோப்தானாமே?" என்றார் டைரக்டர்.

"தப்பாப் படிச்சுட்டேன் சார்."

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் அவள் சொன்ன 'ஆமா'வும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஒரு ரோப் போட்டிருந்தால் செத்திருப்பாள் என்று வாதாடலாம்தான். நடக்காமல் போன சாவுக்கு எங்கே போய் அத்தாட்சி வாங்குவது? மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். கேட்டால் நோட்டை நம்பித்தான் சொன்னேன் என்று சொல்லிவிடும்படி தங்கச்சிக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவள் தப்பித்தாள். அடுத்த எபிசோடுக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஐந்தாவது மாடி.

இன்று காலை வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அக்கா, பயமா இருக்கு."

"நீ விழுற மாதிரியே தினமும் எனக்குத் தெரியுதுடி" என்றேன். அதை நான் சொல்லியிருக்கக்கூடாது.

"எனக்கும்தான்" என்றாள்.

"எத்தனை ரோப்னு நீயே கேளு. வாயைத் திறந்து கேளு."

"கேக்கிறேன்."

வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

அவள் கேட்கமாட்டாள். முதல் தடவை அந்தப் பழைய மாஸ்டர் இரண்டாவது ரோப்பைக் கழற்றியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒன்று என்று எழுதினேனே தவிர, ஏன் ஒன்று என்று நான் கேட்டேனா? வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் செய்வாள்.

பதினோரு மணிக்கு முதல் ஷாட். பத்தே முக்காலுக்குப் புது மாஸ்டருக்குப் போன் போட்டேன். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"மாஸ்டர், குருவிக்கு எத்தனை ரோப்?"

"நீங்க இப்ப யூனிட்ல இல்லையேம்மா" என்றார் தயங்கித் தயங்கி. "உங்க இடத்துக்கு வந்த புதுப் பொண்ணு ஒத்திகை பார்த்து எழுதின நோட்டுல ஒண்ணுன்னுதான் இருக்கு. டைரக்டரும் பக்கத்துலயே இருக்காரு."

"நோட்டைத் தூக்கிப் போடுங்க மாஸ்டர். கன்டினியூட்டி பேசலை. நான் அவளோட அக்கா பேசறேன். எனக்குப் பயமா இருக்கு."

போனை வைத்துவிட்டாரோ என்று நான் பதறுகிற நேரத்தில், யாரிடமோ சொன்னார்: "டேய், இன்னொரு ரோப் எடுத்துட்டு வா. யார் திட்டினாலும் நான் பார்த்துக்கிறேன்."