ஆளுக்கொரு தோடு

உகண்டாவில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு உதவ இந்த வருடமும் வரலாமா என்று ஜேர்மனியின் வுப்பர்டாலில் இருந்து அஞ்சலா கேட்டிருந்தாள். வளர்ப்புத்தாய் நகாட்டோ பதில் போடவில்லை.

“மூளிக்காதெண்டு போனமுறை வளர்ப்புப் பிள்ளைக்குத் தங்கத்தோடு போட்டுவிட்டனீர். அந்த மனுசியின்ர சொந்த மகள் எஸ்தர் பாத்துக்கொண்டு நிண்டவளெல்லே,” என்றான் கணவன் றெக்ஸ்.

எஸ்தரின் வாடிய முகம் இன்னும் அஞ்சலாவின் கண்ணில் நின்றது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தேநீர் ஆறிப்போனது.

கைபேசி ஒளிர்ந்தது. படத்தில் சிறுமிகள் இருவரும் ஆளுக்கொரு காதில் ஒரு தோட்டுடன், கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தார்கள். கீழே நகாட்டோ எழுதியிருந்தாள்: ‘வாருங்கள். தங்கம் மட்டும் வேண்டாம்.’

“அப்ப என்னத்தைக் கொண்டு போகப்போறீர்?”

“சமைக்க, உடுப்புத் தோய்க்க ரெண்டு கை இருக்குத்தானேயப்பா.”

“பெட்டி பாரமில்லை,” என்றான் றெக்ஸ். அவள் சிரித்துவிட்டாள்.