மூலைச் சேனலின் பதினோராவது லோகோ

வாசுகி மலேசியாவில் கூலிம் டவுனில் ஒரு பேனர் கடையில் வேலை பார்த்தாள். கல்யாணம், காதுகுத்து, தேர்தல், கருமாதி எதுவானாலும் முகத்தை வெட்டி எடுத்து, சுற்றிலும் ரோஜாப்பூ போட்டு அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. முப்பத்துநான்கு வயது. மனசுக்குப் பிடித்த வேலை என்று அவள் வைத்திருந்தது வேறொன்று. அதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. சட்டப்படி அது குற்றம்.

அதை ஆரம்பித்தவன் நயீம். அலோர் ஸ்டாரில் அவனுடைய வாப்பாவுக்குச் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை. இவன் கடையில் உட்காராமல் ஓவியம் படித்துவிட்டுக் கேமராவோடு அலைந்தான். அரசாங்கம் பழைய டிவி அலைவரிசையை நிறுத்திய பிறகு தோட்டத்து வீடுகளில் தடித்த பெட்டிகள் சும்மா கிடந்தன. பாதி வீடுகளில் அதன்மேல் துணி விரித்துச் சாமி படம் வைத்திருந்தார்கள்.

“அந்தப் பெட்டிக்கெல்லாம் நாமளே படம் அனுப்பினா என்னலா?” என்று நயீம் கேட்டான்.

தொழிற்பேட்டையில் டெக்னீஷியனாக இருந்த புவனேசன் மூன்று மாதத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் செய்து முடித்தான். பாடாங் மேஹாவைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அதன் கீழ் டிவிஷனுக்கு எதிரே புவனேசனின் மாமாவுக்குக் காலியான கோழிக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கிருந்து சனிக்கிழமைதோறும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை ஒளிபரப்பு. இரண்டு கிலோமீட்டர் வரை எட்டும். லைசென்ஸ் கிடையாது. சேனலுக்குப் பெயரும் கிடையாது.

பெயர் இல்லாததால் திரையின் வலது மூலையில் மங்கலாகத் தெரியும் லோகோதான் அடையாளம். அதை வரைந்தவள் வாசுகி. மற்ற சேனலெல்லாம் ஒரே லோகோவை ஆயுசுக்கும் வைத்திருக்கட்டும், நம்முடையது வாராவாரம் மாறவேண்டும், அந்த வாரம் படம் எடுத்த இடத்திலிருந்தே ஒரு பொருளை எடுத்து வரையவேண்டும் என்பது அவள் போட்ட விதி. முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியின் குழாய். அடுத்த வாரம் கோயில் மாட்டின் கிழிந்த காது. பிறகு பழத்தராசின் கொக்கி.

தோட்டத்து ஜனங்களுக்கு நிகழ்ச்சியைவிட இதுதான் பிடித்துப்போனது. மூலைச் சேனல் என்று அவர்களே பெயர் வைத்து, வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் தொடங்கினார்கள். ஐந்து மணிக்கு லோகோ வந்ததும் அது என்ன, யார் வீட்டுச் சாமான் என்று போட்டி போட்டு எழுதுவார்கள். முதலில் சரியாகச் சொன்னவர் பெயரை அடுத்த வாரம் நயீம் திரையில் போடுவான். வாசுகி கடையிலிருந்தபடி அதையெல்லாம் படித்துத் தனியாகச் சிரித்துக்கொள்வாள். அவள் போட்ட எந்தப் பேனரையும் யாரும் இப்படி உற்றுப் பார்த்ததில்லை.

பதினோராவது வாரம் பிச்சையம்மாளைப் படம் எடுத்தார்கள். அறுபத்தொரு வயது. இருபது வருஷமாகத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. கணவர் ராமையா இறந்து நாலு வருஷம் ஆகிறது. தடை செய்த களைக்கொல்லியை இன்னும் ஸ்டோரில் வைத்துக் கலந்து கொடுக்கிறார்கள், முகமூடி கேட்டால் துண்டைக் கட்டிக்கோ என்கிறார்கள் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரண்டு விரல்களில் நகம் இல்லை. கூட வேலை செய்யும் இரண்டு பேருக்கு மூக்கில் ரத்தம் வருகிறதாம்.

“என் மூஞ்சி தெரியக்கூடாது தம்பி. வீடு தோட்டத்து வீடு. போன்னு சொன்னா போவணும்” என்றாள்.

“தெரியாது அத்தே. முதுகு மட்டும்தான். குரலையும் மாத்திடுவோம்” என்றான் நயீம்.

சொன்னபடியே செய்தான். சுவரைப் பார்த்து உட்காரவைத்து, விளக்கை அணைத்து, குரலைத் தடித்த ஆண்குரலாக மாற்றினான். விரல்களைக்கூட மறைத்துவிட்டான்.

அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வாசுகி அந்தச் சின்ன அறையில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமையா தன் கையாலேயே கம்பியை வளைத்துப் பற்றவைத்த ஜன்னல் அது. மயில் செய்ய நினைத்திருக்கிறார். கழுத்து வளைவு தப்பிப்போய் முன்பக்கம் வாத்தாகவும் பின்பக்கம் மயிலாகவும் நின்றது. அவ்வளவு அழகான தப்பை அவள் பார்த்ததேயில்லை. அன்று இரவே ஒரே கோட்டில் வரைந்தாள். வரைந்து முடித்ததும், யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. வீட்டின் பின்பக்கத்து ஜன்னல், அந்தப் பக்கம் வெறும் செம்பனை மரம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள். அவள் டவுனில் வளர்ந்தவள். அந்த மரங்களுக்கிடையில்தான் ஜனங்கள் தினமும் வேலைக்கு நடந்து போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஐந்து மணி நாலு நிமிடத்துக்கு அவள் போன் அதிர்ந்தது. குழுவில் ஒருவர் “கொக்கு” என்று எழுதியிருந்தார். இன்னொருவர் “சேவல்லா” என்றார். அடுத்து வந்தது காளிதாசன் எழுதியது. பிச்சையம்மாளின் கொழுந்தன், லாரி ஓட்டுகிறவர்.

“எல்லாரும் தள்ளுங்க. எங்க ராமையா அண்ணன் அடிச்ச கம்பிலா அது! வாத்துமயிலு!”

கூடவே நாலு கைதட்டல். கீழே மளமளவென்று மற்றவர்கள் வந்தார்கள். ஆமாம் அதேதான், பிச்சையம்மா வீட்டு ஜன்னல்தான், சின்ன வயசில் அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறோம் என்றார்கள். ஒருவர் டிவித் திரையைப் போனில் படம்பிடித்து, லோகோவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வாராவாரம் ஆடும் ஆட்டத்தைத்தான் ஆடினார்கள்.

ஐந்து மணி பதினோரு நிமிடத்துக்கு யாரோ எழுதினார்: “அப்போ பேசறது யாரு?”

காளிதாசன் தன் செய்தியை அழித்தார். அழித்த இடத்தில் அழிக்கப்பட்டது என்ற வரி நின்றது.

வாசுகி புவனேசனுக்குப் போன் செய்தாள். ஒளிபரப்பு நேரத்தில் யாரும் தேடிக் கண்டுபிடிக்கக்கூடாதென்று அவனும் நயீமும் போனை அணைத்துவைப்பது வழக்கம். அந்த விதிக்கு அவளும்தான் தலையாட்டியிருந்தாள். முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்தாள். சனிக்கிழமை இரவுச் சந்தை, பாசார் மாலாம், போடும் தெருவில் கால்மணி நேரம் நின்றாள். முன்னால் ஒருவர் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். ஹார்ன் அடித்தாள். அவர் கையைக் காட்டி, “செபெந்தார் கா” என்று மலாயில் சொன்னார். இன்னும் கொஞ்சம் நேரம். தோட்டத்துச் செம்மண் பாதையில் பழ லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, கோழிக் கொட்டகைக்குள் ஓடி நுழைந்தபோது ஐந்து ஐம்பத்திரண்டு.

“லோகோவை எடு! லோகோவை எடுடா!”

புவனேசன் திகைத்துப்போனான். “அது வீடியோவோட சேர்ந்தே இருக்குக்கா. தனியா எடுக்க முடியாது.”

“அப்ப எல்லாத்தையும் நிப்பாட்டு!”

அவன் சுவிட்சை அணைத்தான். மிச்சமிருந்தது எட்டு நிமிடம். அதில் பிச்சையம்மாள் இல்லை. கோயில் குளத்து மீன்கள்தான் இருந்தன.

திங்கட்கிழமை காலை தோட்டத்து ஆபீஸுக்குப் பிச்சையம்மாளைக் கூப்பிட்டார்கள். மலாயில் ஒரு கடிதம். அறுபது வயது கடந்துவிட்டது, சேவைக்கு நன்றி, பதினான்கு நாளில் வீட்டைக் காலிசெய்யவும். டிவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருந்தைப் பற்றியும் இல்லை.

வாசுகி லீவு போட்டுவிட்டுத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி லோகேஸ்வரனைப் போய்ப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் சொல்லலம்மா. என்னை யாரும் கேக்கவும் இல்ல. அந்த வட்டம் போட்ட படத்தை மேனேஜர் போனுக்கு எட்டு பேரு அனுப்பியிருக்காங்க.”

“அந்த அம்மா பேசலைன்னு நான் எழுதிக் கொடுக்கிறேன் சார். அந்த ஜன்னலைச் சும்மா அழகுக்குப் போட்டேன்னு சொல்றேன்.”

“எழுதிக் கொடுத்தா நீங்கதான் திருட்டுச் சேனல் நடத்தறீங்கன்னு ஆகும். அவங்களுக்கு வேலை திரும்புமா? லெட்டர்ல வயசுன்னுதானே போட்டிருக்கு. அறுபத்தொண்ணு. அது பொய்யில்லையே.”

நயீமுக்குத் தெரிந்த வக்கீலும் கடிதத்தைப் படித்துவிட்டு அதையேதான் சொன்னார். பிச்சையம்மாள் தன் பெயரில் புகார் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். பிச்சையம்மாள் மாட்டேன் என்றுவிட்டாள். காளிதாசன் இன்னும் தோட்டத்தில்தானே லாரி ஓட்டுகிறார், அவர் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றாள்.

“இதையே அடுத்த வாரம் போடுவோம். நடந்தது அத்தனையும்” என்றான் நயீம்.

“யாரை வெச்சு?” என்று கேட்டாள் வாசுகி. “அந்தத் தோட்டத்துல இனிமே யாரு நம்ம கிட்ட வாயைத் திறப்பாங்க? சொல்லு.”

அந்த வாரமே புவனேசன் டிரான்ஸ்மிட்டரைப் பிரித்து மூன்று பெட்டியில் அடைத்தான். ஸ்டோரில் டின்களின் லேபிளை மட்டும் கிழித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மருந்து அதேதான்.

பிச்சையம்மாள் வாசுகியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவள் தாங்கியிருப்பாள். மன்னிப்புக் கேட்கப் போனபோது பிச்சையம்மாள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நானும்தானே அன்னிக்கு டிவி பாத்தேன்” என்றாள். “மூலையில என் வீடு இருக்கறதே எனக்குத் தெரியல. என் முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இவ்ளோ கூனிப்போச்சான்னு. அந்தப் பெட்டிக்குள்ள கேலண்டர் பேப்பர் இருந்தா எடும்மா, இந்தத் தட்டு உடைஞ்சிடும்.”

வாசுகி எடுத்துக் கொடுத்தாள். வேறென்ன கேட்டாலும் கொடுத்திருப்பாள். பிச்சையம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காளிதாசன் லாரியில் சாமான் ஏற்றினார். அவரும் வாசுகியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கட்டிலைத் தூக்கினார்கள். பிச்சையம்மாளின் மகள் பாலிங்கில் இருந்தாள். நாலாவது மாடி, லிப்ட் இல்லாத பிளாட். மகள் தொழிற்சாலை ஷிப்டில் இருந்ததால் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள்.

வாசுகி அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். பிச்சையம்மாள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தாள். இரண்டாவது மாடியில் நின்று முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“தோட்டத்துல ஒரு படிதான் இருந்துச்சு” என்றாள். “வாசப்படி.”

“நான் பிடிச்சிக்கவா அத்தே?”

“வேணாம்மா. தெனமும் யாரு வந்து பிடிக்கப் போறா? பழகிக்கணும்லா.”

பையை இறக்கி வைக்கவும் தோன்றாமல் வாசுகி நின்றாள். கீழே காளிதாசன் பீரோவைத் தனியாகத் தள்ளும் சத்தம் கேட்டது. பிச்சையம்மாள் மூன்றாவது மாடிக்குத் திரும்பும் படியில் காலை வைத்தாள்.