ஓட்டைக்குத் துட்டு

சுடலைராஜ் எஸ்டிமேட்டை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஷமீம் பானுவுக்கு அதிலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. தோட்டம் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். வடகரையிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவளுக்கு வேலை உண்டு. கஞ்சர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் கஞ்சர் ஓய்வு பெற்ற போலீஸ்காரராகவும் இருந்தால் எப்படியிருக்கும் என்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

சுடலைராஜ் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று குற்றாலம் ஸ்டேஷனிலேயே பேர் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் ஓய்வுப் பணத்தில் கைவைத்துத் தோட்டம் போடத் துணிந்ததற்குக் காரணம் உள்ளறையில் சக்கர நாற்காலியில் இருந்தது. அவர் மனைவி ஆனந்தவள்ளி. சுந்தரபாண்டியபுரத்தில் பிறந்து, குற்றாலத்தில் வாழ்க்கைப்பட்ட நாள் முதல் ஒரு சீசன் விடாமல் அருவியில் குளித்தவள். போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்ததோடு அது நின்றுபோயிற்று. வழுக்குப் பாறையும் சீசன் கூட்டமும் இருக்கிற இடத்துக்கு நாற்காலியைக் கொண்டுபோக வழியில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போவதற்கு அவள் சம்மதிக்கவில்லை. போன சீசன் முழுக்க அறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். சாரல் உள்ளே வந்தால் அழுகை வருகிறது என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் மலையைப் பார்க்கச் சரிந்து ஏறும் நிலம் அவர்களுடையது. அதன் மேல் மூலையில் நின்றால், தென்னைகளுக்கு நடுவே பேரருவி தூரத்தில் வெள்ளைக்கோடாகத் தெரியும். அந்த மூலைவரைக்கும் யாரும் தூக்காமல் நாற்காலி உருண்டுபோக ஒரு பாதை வேண்டும், இந்தச் சீசனுக்குள் வேண்டும். சுடலைராஜின் ஆசை அவ்வளவுதான். சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதை என்பதால் இரண்டு பக்கமும் இரும்புத் தகட்டை நிறுத்தி மண்ணையும் கல்லையும் பிடித்துவைக்க வேண்டும் என்றாள் ஷமீம் பானு. எட்ஜிங் என்று அவள் சொன்னதை சுடலைராஜ் இரும்பு வரப்பு என்று எடுத்துக்கொண்டார். நெல் வரப்பு மண்ணை வெட்டிப்போட்டால் வந்துவிடும். இந்த வரப்பு மொத்தச் செலவில் பாதியைத் தின்றது.

தகட்டின் கனத்தை அவர் குறைக்கவில்லை. தகட்டை மண்ணில் இறுக்கிப் பிடிக்கும் முளைக்கம்பி விஷயத்திலோ அவள் கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். மூன்றடிக்கு ஒன்று போதும் என்றாள் அவள். அருவிக்கரையில் ஆள் நிறுத்திப் பழகிய மனுஷருக்கு அது ஒப்பவில்லை. இரண்டு போலீஸ்காரருக்கு நடுவே இடம் விட்டால் கூட்டம் உள்ளே வந்துவிடும், நெருக்கி அடி என்று சொல்லிவிட்டார். அப்படியே கீழே இறங்கிவந்த சிவப்புப் பேனா கடைசி வரியில் நின்றது. மேல்பக்கத் தகட்டின் அடியில் துளைகள், துளைகளிலிருந்து பாதைக்குக் கீழே குழாய்.

“தகட்டுக்குத் துட்டு கேக்க, சரி. கம்பிக்குக் கேக்க, அதுவும் சரி. ஓட்டைக்கு எதுக்கும்மா துட்டு? ஓட்டைங்கது ஒண்ணுமில்லாத எடம்லா?”

மேலேயிருந்து வருகிற மழைத்தண்ணி தகட்டுக்குப் பின்னால் தேங்கும், போக வழி வேண்டும் என்று ஷமீம் பானு படித்துப் படித்துச் சொன்னாள். தண்ணி மண்ணுக்குள் போகும் என்றார் அவர். காசு கொடுத்து வாங்கிய தகட்டைக் காசு கொடுத்து ஓட்டை போடுவானேன் என்பது அவர் வாதம். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற கதைதான். சிவப்புக் கோடு விழுந்தது. அவளும் ஒன்று சொல்லிவைத்தாள். மழை வந்து கூப்பிட்டால் டிரில் மெஷினோடுதான் வருவேன் என்றாள்.

வேலை மட்டும் குறையில்லாமல் நடந்தது. வளைவு திரும்பும் இடத்தில் சரிவு அதிகம். அங்கே மேல்பக்கத் தகடு முழங்கால் உயரம் நின்றது. நீளமான ட்யூபில் தண்ணீரை நிரப்பி, அந்தத் தகட்டின் விளிம்பை ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்து நிறுத்தினாள் ஷமீம் பானு. பாதைக்குச் சிமெண்டுக் கல் பாவினாள். தகட்டுக்கு மேலே ஆனந்தவள்ளி ஆசைப்பட்ட பிச்சிக்கொடிகளை நட்டாள். ஆனிமாதம் பிறந்தும் மலை சும்மா கிடந்தது. பேரருவி இருந்த இடத்தில் வெறும் பாறைதான் தெரிந்தது. ஆனந்தவள்ளி பாதையில் ஏறிப்போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு இறங்கிவந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் மலை காணாமல் போயிற்று. அது அங்கே எல்லாச் சீசனிலும் நடக்கிற காரியந்தான். மேகம் இறங்கி, இருந்த மலையை இல்லை என்று ஆக்கிவிடும். முதலில் சாரல், அப்புறம் காற்று, அதற்குப் பிறகு வந்ததற்குச் சாரல் என்று பேர் சொல்ல முடியாது. சுடலைராஜ் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பிச்சிக்கொடிகள் பாதி முங்கிவிட்டன. மண் குடித்துக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருந்தாரே, அந்த மண் குடித்து முடித்துவிட்டுக் கையை விரித்தது. தகடு சாய்ந்தால் கல்லெல்லாம் பெயர்ந்து கீழே போகும். பாதை போனால் இந்தச் சீசனும் போகும், அவள் மறுபடியும் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். கால் காசுக்குப் பார்த்து அவள் சீசனை நாமே கெடுத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார். ஷமீம் பானுவுக்குப் போன் போட்டார். நான் வருகிறேன், யாரும் கிட்டே போக வேண்டாம் என்றாள்.

தண்ணீர் விளிம்புக்கு வந்தது. வந்து நின்றது. தகட்டைவிட ஒரு நூல் உயரம் விம்மி, விழாமல் அப்படியே நின்றது. சுடலைராஜ் மூச்சுவிட மறந்தார். அப்புறம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும், வளைவு முழுக்க, ஒரே நேரத்தில் விழுந்தது. ஓர் இடத்தில் முந்தவில்லை, ஓர் இடத்தில் பிந்தவில்லை. கிழியாத வேட்டியைப் பிடித்து உதறினாற்போல ஒரே விரிப்பாக இறங்கிற்று. தகடு அசையவில்லை. நெருக்கி அடித்த முளைக்கம்பி ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்றது. தண்ணீர் கல் மேல் விழுந்து, பாதையை மெல்லிசாகக் கடந்து, கீழ்ச்சரிவில் வாய்க்காலுக்கு ஓடியது.

குடை எப்போது கையை விட்டுப்போனது என்று அவருக்குத் தெரியாது. முழங்கால் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர்தான். ஆனாலும் அதைப் பார்த்து அவருக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ சீசன் பேரருவியில் பந்தோபஸ்து நின்றவர். அருவிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டி நிற்பதுதான் அந்த வேலை. அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். ஊரெல்லாம் வாய்பிளந்து பார்த்ததை அவர் காதால் மட்டும் கேட்டிருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்பது இத்தனை வயசுக்குப் பிறகு, சொந்தத் தோட்டத்தில், சொந்தத் தப்பால் அவருக்குத் தெரியவந்தது.

பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. தலையில் துண்டுகூடப் போடாமல், இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஆனந்தவள்ளி ஏறிவந்துகொண்டிருந்தாள். சுடலைராஜின் வலதுகை தானாக உயர்ந்து குறுக்கே நீண்டது. இடதுகை விசிலைத் தேடிச் சட்டைப்பைக்குப் போயிற்று.

அவள் நாற்காலியை நிறுத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“இங்கனயும் தடை போடப் போறியளா?”

நீட்டிய கை கீழே இறங்கியது. அவர் வழிவிட்டார்.

வளைவை ஒட்டி நாற்காலியை நிறுத்தி, அவள் காலடிப்பலகையோடு பாதங்களைத் தண்ணீருக்குக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தித் தலையில் ஊற்றினாள். மறுபடி ஏந்தினாள், மறுபடி ஊற்றினாள். அருவிக்கரையில் பெண்கள் பக்கத்திலிருந்து வருமே, குளிர் தாங்காத மூச்சும் சிரிப்புமாக ஒரு சத்தம், அது அவளிடமிருந்து வந்தது. மலைமேல் எங்கோ மரத்திலும் வேரிலும் பட்டு வந்த அதே தண்ணீர், அதே வாசனை.

“நீங்களும் வாங்க” என்றாள்.

சுடலைராஜ் கல்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தண்ணீருக்கு அடியில் தலையைக் குனிந்துகொடுத்தார். தண்ணீர் பிடரியில் இறங்கியபோது அவருக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் காற்று ஒருபக்கமாக அடித்து மேகத்தை விலக்கியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேல் மூலைக்குப் போனார்கள். மலை மொத்தமும் தெரிந்தது. நேற்றுவரை பாறையாக இருந்த இடத்தில் பேரருவி செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கமும் பேரில்லாத அருவிகள் கணக்கில்லாமல் தொங்கின. கண்ணை எங்கே வைத்தாலும் மலை ஒழுகிற்று. சுடலைராஜ் அவள் தோளில் கை வைத்து, மேகம் மறுபடி மூடுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஷமீம் பானு மழைக்கோட்டும் டிரில் மெஷினுமாக வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வளைவில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. திட்ட நினைத்து வந்தவள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தான் மட்டம் பார்த்த விளிம்பு இப்படி ஒரு வேலை செய்யும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்குத் தொழில் ஞாபகம் வந்தது. இப்படியே தேங்கினால் பிச்சி வேர் அழுகிவிடும், ஈரமண் பாரத்துக்குத் தகடும் ரொம்ப நாள் தாங்காது, துளை போட்டே ஆகவேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ஆனந்தவள்ளி விழுகிற தண்ணீரைப் பார்த்தாள். அவள் முகம் வாடுவதை சுடலைராஜ் பார்த்தார்.

“போடும்மா, எத்தன ஓட்டை வேணுமோ போடு” என்றார். “ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூடி வை. நல்ல மழையன்னைக்கு மட்டும் நான் வந்து அடைச்சிக்கிடுதேன், குளிச்சு முடிச்சதும் தொறந்துவிடுதேன். ஓட்டைக்கும் எழுதிக்க, மூடிக்கும் எழுதிக்க.”

ஷமீம் பானு கணக்குப் போட போனை எடுத்தாள். சுடலைராஜ் அதற்குள் ஈரவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்கவேயில்லை.