கதவோர இடம்

என் மாட்டுக் கொட்டகையில் இப்போது மாடுகள் இல்லை. குளிர்காலம் முழுக்க பதினொரு பழைய கார்கள் அங்கே தூங்குகின்றன. மாடுகளாவது சொன்ன பேச்சைக் கேட்டன. கார்க்காரர்கள் கேட்பதில்லை.

கொட்டகைக்கு ஒரே கதவு, ஒரே விதி. முதலில் வரும் கார் பின்சுவரோரம் போகும், கடைசியாக வருவது கதவோரம் நிற்கும். வசந்தத்தில் அதுதான் முதலில் வெளியே வரும். அதனால் அக்டோபர் முழுக்க ஒருவனும் முதலில் வரமாட்டான். ஆனால் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பு தூவும் லாரி ஒருமுறை ஓடிவிட்டால் ஆட்டம் முடிந்தது; உப்பு பட்டால் வண்டி துருப்பிடித்துப் போகும். உப்புச் சாலையில் பழைய காரை இறக்குகிறவனோடு சுவீடனில் எங்கள் டாலர்னா பக்கம் யாரும் காபி குடிக்க மாட்டார்கள்.

அந்த வருடம் நவம்பர் பிறந்தும் இரண்டு இடங்கள் காலியாகக் கிடந்தன. ஒன்று தாகேயின் பச்சை வோல்வோவுக்கு. மற்றது அவன் மச்சான் எப்பேயின் சிவப்பு செவ்ரோலெட்டுக்கு. பதினாறு வருடமாக எப்பே கதவோர இடத்தை யாருக்கும் விட்டதில்லை.

தாகே போன் செய்தான். "யோர்டிஸ், எப்பே வண்டியை விட்டுட்டானா?"

"இல்ல. நீ எப்ப வர்ற?"

"அவன் வந்தப்புறம்."

வைத்த சூட்டோடு எப்பே கூப்பிட்டான். "தாகே வந்தாச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு கிழவனுங்களும் சேர்ந்து என் உயிரை வாங்காதீங்க! நாளைக்கு உறைபனின்னு ரேடியோல சொல்றான். அப்புறம் உங்க வண்டிய உங்க வீட்டுக் கூடத்துலதான் நிறுத்தணும்!"

மதியம் தாகே சைக்கிளில் வந்து என் சமையலறையில் உட்கார்ந்தான். ஏலக்காய் பன்னைத் தொடவே இல்லை.

"ஏப்ரல் கடைசியில என் பொண்ணு ஆல்வாவுக்குக் கல்யாணம். இந்த வண்டியிலதான் உன்னை சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவேன்னு அவ சின்னப் பொண்ணா இருக்கும்போதே வாக்கு குடுத்துட்டேன். மத்தவங்க மே மாசத்துக்கு முன்னாடி வண்டி எடுக்க மாட்டாங்க. நான் உள்ள மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்."

"அதை உன் மச்சான்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"அவன்கிட்டப் போய்க் கெஞ்சச் சொல்றியா?"

அவன் கெஞ்ச மாட்டான். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவன் தலை மறைந்ததும் எப்பேவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கால் மணி நேரத்தில் சிவப்பு வண்டி என் முற்றத்தில் நின்றது.

"கதவோரம் குளிர் ஜாஸ்தி," என்றான் எப்பே, என் முகத்தைப் பார்க்காமல். "என் வண்டிக்கு ஒத்துக்கல."

மாலைக்குள் வோல்வோவும் வந்துவிட்டது. தாகே டேங்கை நிரப்பியிருந்தான். பேட்டரியைக் கழற்றினான், எலி வராமலிருக்க சோப்புக் கட்டிகளை வைத்தான், கை பிரேக்கைத் தளர்த்தினான். பிறகு குனிந்து, இடது கதவின் கீழே ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவினான். அந்த வண்டி ஒரே ஒரு தடவைதான் உப்பில் ஓடியது. ஆல்வா பிறந்த ஜனவரியில் அவன் தினமும் ஓட்டும் வண்டி குளிரில் கிளம்பவில்லை. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து இதில்தான் அழைத்து வந்தான். அந்த உப்பு தின்ற ஓட்டையை அடைக்க அவனுக்கு இரண்டு கோடை பிடித்தது.

ஏப்ரலில் மழை சாலைகளிலிருந்த உப்பைக் கழுவிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் தாகே பேட்டரியை மாட்டி, முகம் தெரியும்வரை வண்டியைத் துடைத்தான். கல்யாணத்தன்று விடிந்தபோது கணுக்கால் அளவு பனி. எட்டு மணிக்கு உப்பு லாரி என் வேலியை ஒட்டித் தூவிக்கொண்டே போனது. அந்த ஓட்டுநரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

தாகே கோட்டும் சூட்டுமாகக் கொட்டகை வாசலில் நின்று சாலையையே பார்த்தான். மறுபடி வண்டியைத் துணி போட்டு மூடப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"சாவியைக் குடு, யோர்டிஸ்."

"உப்பு, தாகே."

"தெரியும். குடு."

சாவியைக் கொடுத்தேன். அவன் வண்டியைக் கிளப்பி முற்றத்தின் விளிம்புவரை வந்துவிட்டான். அப்போது ஆல்வா குறுக்கே வந்து நின்றாள். கல்யாண உடை, அதன் கீழே ரப்பர் பூட்ஸ்.

"நிறுத்துங்கப்பா. எனக்காக ஒரு தடவை உப்புல ஓட்டிட்டீங்க. அது போதும்."

"வாக்கு குடுத்திருக்கேன்ல?"

"யார் வேண்டாம்னா? கூட்டிட்டுப் போங்க. சக்கரம் மட்டும் தரையில பட வேண்டாம்."

அவளுக்குப் பின்னால் எப்பே டிராக்டரில் உட்கார்ந்திருந்தான். வைக்கோல் ஏற்றும் தட்டை வண்டியைப் பூட்டி, காரை மேலே ஏற்றப் பலகைகளும் கொண்டு வந்திருந்தான்.

"என்ன மச்சான் முழிக்கிற? ஏத்து! பொண்ணுக்கு நேரமாச்சு."

ஏற்றினோம். நாலு சக்கரத்தையும் கயிறு போட்டுக் கட்டினோம். முன்னே டிராக்டர், பின்னே தட்டை வண்டி, அதன் மேல் பச்சை வோல்வோ, உள்ளே அப்பாவும் மகளும். என் காரில் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் ஜனங்கள் வாசலுக்கு வந்து கையசைத்தார்கள். தாகே யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, கண்ணைச் சாலையில் வைத்திருந்தான்.

ஏற்றத்தில் டிராக்டர் திணறியது. எப்பே திரும்பிக் கத்தினான். "மச்சான், பிரேக்கிலிருந்து காலை எடு!"

நான் சிரித்துக்கொண்டே அழுதேன், ஒளிக்கவில்லை. சர்ச் திருப்பம் வந்ததும் தாகே இண்டிகேட்டர் போட்டான்.